ஐநூறு ரூபிள் நோட்டில் ஒரு கோட்டை மடம்

எந்த நாட்டுக்குப் போனாலும் சிலருக்கு முதலில் சாப்பாடு, சிலருக்கு ஷாப்பிங். வருடக்கணக்காக கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுந்த எனக்கு அந்த ஊர் நோட்டு. 2019 ஜூனில் மாஸ்கோவில் ஒரு கடையில் மீதிச் சில்லறையாக இரண்டு 500 ரூபிள் நோட்டுகள் வந்தன. இரண்டிலும் முன்பக்கம் மகா பீட்டர் சிலை. பின்பக்கம் தண்ணீர்க் கரையில் ஒரு பெரிய கோட்டை, உள்ளே மாதா கோயில். ஆனால் ஒன்றில் கோயிலின் உச்சியில் மரக்கூடாரம் மாதிரிக் கூம்புகள், சிலுவையே இல்லை. மற்றதில் வெங்காய வடிவக் குவிமாடங்கள், மேலே சிலுவைகள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? வெளிச்சத்தில் தூக்கி வாட்டர்மார்க் பார்த்தேன். இரண்டுமே நல்ல நோட்டுதான்.

விஷயம் இதுதான். அந்தப் படம் முதலில் 1995 மாதிரி ஐந்து லட்சம் ரூபிள் நோட்டில் வந்தது. (ஆமாம், ஐந்து லட்சம். அங்கே அன்றைக்கு அப்படி ஒரு பணவீக்கம்.) 1998 ஜனவரியில் மூன்று பூஜ்யங்களை வெட்டி எறிந்தபோது அதே படம் 500 ரூபிளுக்கு வந்தது. படத்தில் இருப்பது வடக்கே வெண்கடல் தீவில் உள்ள சொலோவெத்ஸ்கி மடாலயம். 1923-இல் ஒரு தீ விபத்தில் அதன் குவிமாடங்கள் எரிந்துபோய், அதற்குப் பதில் மரக்கூரை போட்டு மூடினார்கள். அந்த ஆண்டுதான் அந்த மடம் சிறைமுகாமாக மாறிய ஆண்டு. ஆக, ஒரு நாட்டின் மத்திய வங்கி தன் நோட்டில் அச்சடித்தது மடத்தின் முகத்தை அல்ல, முகாமின் முகத்தை. வேண்டுமென்றே செய்தார்களா, கையில் கிடைத்த போட்டோவை வைத்து வரைந்தார்களா என்று அங்கே நிறைய விவாதம் நடந்தது. 2010 மாதிரி நோட்டில் குவிமாடங்களும் சிலுவைகளும் வந்துவிட்டன. பழைய நோட்டும் செல்லும், புதியதும் செல்லும். என் பர்ஸில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மாஸ்கோவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் வீட்டில் பத்து நாள் தங்கத்தான் போயிருந்தேன். (எல்.டி.சி.யில் வெளிநாடெல்லாம் கிடையாது, சொந்தக் காசு!) அவன் என்னைப் பீட்டர்ஸ்பர்க் அழைத்துப் போவதாக இருந்தான். நான் நோட்டைக் காட்டி "இங்கே போகலாம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். தனியாகப் போ என்று அர்த்தம்.

முர்மான்ஸ்க் ரயிலில் ஒரு முழு நாள் போனால் கெம் என்று ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரபோச்செஓஸ்ட்ரோவ்ஸ்க் படகுத்துறை. அங்கிருந்து படகில் இரண்டு மணி நேரம். நான் வேலை பார்க்கும் நாக்பூரில் அந்த வாரம் 45 டிகிரி. இங்கே ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து 160 கிலோமீட்டர்தான். ஜூன் கடைசியில் அங்கே ராத்திரி என்று ஒன்று கிடையாது. பதினோரு மணிக்கும் வெயில், ஒரு மணிக்கு அந்தி, மறுபடி விடியல். தூக்கம்தான் வரவில்லை.

கடலிலிருந்து பார்க்கும்போது முதலில் தெரிவது சுவர். நம்மூர்க் கோட்டைகளைப் பார்த்த கண்ணுக்கு அது விநோதமாக இருக்கும். செதுக்கிய கல்லே இல்லை. பனிக்காலம் உருட்டிக் கொண்டுவந்து போட்ட பெரும் பாறாங்கற்களை அப்படியே அடுக்கியிருக்கிறார்கள். அடியில் இருப்பவை ஒவ்வொன்றும் பல டன். கல்லின் மேலெல்லாம் துரு நிறத்தில் பாசி படர்ந்து, வெயில் பட்டால் சுவர் முழுக்க ஆரஞ்சு நிறம். சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், உயரம் 8 முதல் 11 மீட்டர், எட்டு கோபுரங்கள். 1582-இல் தொடங்கி பத்துப் பன்னிரண்டு வருடம் கட்டினார்கள். திட்டம் போட்டவர் த்ரீஃபொன் என்ற துறவி. சுவீடன் கப்பல்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட ஆரம்பித்ததால் வந்த சுவர் அது.

ஆனால் மடம் சுவரைவிட நூற்றைம்பது வருடம் மூத்தது. 1429-இல் சவ்வாத்தி, கெர்மன் என்ற இரண்டு துறவிகள் தனிமை தேடி இந்தத் தீவுக்கு வந்தார்கள். சவ்வாத்தி 1435-இல் இறந்துவிட, அடுத்த வருடம் சோசிமா என்பவரைக் கூட்டிக்கொண்டு கெர்மன் திரும்பி வந்தார். 1436 என்பதை மடம் தொடங்கிய ஆண்டாகச் சொல்கிறார்கள். எட்டு மாதம் பனி, விளைச்சல் இல்லை, குளிர்காலத்தில் கரைக்குப் படகு கிடையாது. உலகம் வேண்டாம் என்று ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

உலகம் வேண்டாம் என்று வந்தவர்களைத் தேடி உலகம் வருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பக்தர்கள் வந்தார்கள், நிலம் எழுதி வைத்தார்கள். மடம் பெரிய வியாபார நிறுவனமாக ஆகிவிட்டது. பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் ருசி. முக்கியச் சரக்கு உப்பு. கரையோரக் கிராமங்களில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து ஆற்று வழியாக உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். 1660-களில் மடத்துக்கு 54 உப்பளங்கள் இருந்தன. (அளம் என்றாலும் தூத்துக்குடி மாதிரி பாத்தி கட்டி வெயிலில் காய வைப்பதல்ல, வெயில் ஏது? விறகுதான்.) அதோடு மீன், இரும்பு, மைக்கா, முத்து. முந்நூற்றைம்பது துறவிகளும் அறுநூறு எழுநூறு வேலையாட்களும் இருந்தார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று பேரேடு எழுதி, கொடுத்தவர் பெயரில் பிரார்த்தனை செய்தார்கள். அந்தக் கொடைக்கு ரஷ்ய மொழியில் 'வ்க்லாத்' என்று பெயர். இன்றைக்கு ரஷ்ய வங்கியில் டெபாசிட்டுக்கும் அதே சொல்தான். கொடுத்தவருக்கு வட்டி மறுமையில், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நிர்வாகத்தின் உச்சம் 1548 முதல் 1566 வரை மடாதிபதியாக இருந்த பிலிப். பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, துறவியாகி இங்கே வந்தவர். சாமியார் என்பதைவிட சிவில் என்ஜினீயர் என்று சொல்லத் தோன்றுகிறது. தீவில் இருந்த ஏரிகளைக் கால்வாய் வெட்டி ஒன்றோடு ஒன்று இணைத்து, மடத்தின் பின்னால் உள்ள ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரில் மாவு மில் ஓடியது. செங்கல் சூளை போட்டார். கடலுக்குள் கல்லால் அணை கட்டி, பிடித்த மீனை உயிரோடு விட்டு வைக்க ஒரு தொட்டி செய்தார். புயல் அடித்தாலும் அடுப்படிக்கு மீன் வரும். ஒற்றைத் தூணில் நிற்கும் சாப்பாட்டுக் கூடம் அவர் கட்டியதுதான். சுமார் 500 சதுர மீட்டர், நடுவில் ஒரே ஒரு தூண். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரிய குடைக்குள் நிற்பது போல இருக்கிறது.

1566-இல் பயங்கர இவான் என்று பேர் வாங்கிய ஜார் நான்காம் இவான், பிலிப்பை மாஸ்கோவுக்கு அழைத்துத் திருச்சபைத் தலைவராக்கினான். அப்போது ஜாரின் கறுப்பு உடைப் படை நாடெங்கும் ஆட்களைக் கொன்று சொத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பிலிப் சும்மா இருக்கவில்லை. கோயிலில் எல்லோர் முன்னாலும் ஜாருக்கு ஆசீர்வாதம் தர மறுத்தார். 1568-இல் பதவி பறிபோனது. 1569 டிசம்பரில் த்வெர் நகர மடம் ஒன்றில் அடைபட்டிருந்தபோது ஜாரின் ஆள் மல்யூத்தா ஸ்குராத்தவ் போய்க் கழுத்தை நெரித்துக் கொன்றான். அந்தத் தீவிலேயே மீன் தொட்டி கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம், மனிதர்.

சுவீடன்காரனுக்காகக் கட்டிய சுவர் முதன்முதலில் பெரிய சண்டையைப் பார்த்தது சொந்த ஜாரின் படையிடம்தான். 1650-களில் திருச்சபைத் தலைவர் நிகோன் வழிபாட்டைத் திருத்தினார். சிலுவை இடும்போது இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல். 'அல்லேலூயா' இரண்டு தரத்துக்குப் பதில் மூன்று தரம். இயேசுவின் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். புதிய புத்தகங்கள் தீவுக்கு வந்தன. துறவிகள் அவற்றைத் தொடவில்லை. ஜாருக்கு மனு மேல் மனு எழுதினார்கள்: எங்கள் சோசிமாவும் சவ்வாத்தியும் எப்படிக் கும்பிட்டார்களோ அப்படித்தான் கும்பிடுவோம் என்று. 1668-இல் படை வந்தது.

இரண்டு விரலா மூன்று விரலா என்பதற்காக எட்டு வருடச் சண்டையா என்று சிரிப்பு வரலாம். எனக்கும் ரயிலில் படித்தபோது வந்தது. அந்தச் சுவருக்கு உள்ளே நின்றால் வரவில்லை. அவர்களுக்கு அது விரல் கணக்கல்ல. எங்கள் முன்னோர்கள் நரகத்துக்கா போனார்கள் என்ற கேள்வி. முதல் வருடங்களில் முற்றுகை ஏனோதானோ என்றுதான் நடந்தது. கோடையில் சிப்பாய்கள் வந்து சுடுவார்கள், பனி விழுந்ததும் கரைக்குப் போய்விடுவார்கள். மடத்தில் தானியம் நிறைய இருந்தது, பீரங்கியும் இருந்தது. உள்ளேதான் விரிசல். ஜாரின் சிப்பாய் மீது சுடலாமா? அந்த ஜாருக்காகப் பிரார்த்தனை செய்யலாமா? இதில் துறவிகளுக்குள்ளேயே சண்டை வந்தது. கடைசியில் வந்த தளபதி மெஷெரினவ், 1675 குளிர்காலத்தில் கரைக்குத் திரும்பாமல் தீவிலேயே கூடாரம் போட்டான். அப்போது உள்ளேயிருந்து தப்பி வந்த ஃபியோக்திஸ்த் என்ற துறவி, வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் செங்கல் வைத்து லேசாக அடைத்த ஒரு ஜன்னல் இருப்பதைக் காட்டிக்கொடுத்தான். 1676 ஜனவரி 22, பனிப்புயல் இரவு. சுமார் ஐம்பது சிப்பாய்கள் அந்த ஜன்னல் வழியாக நுழைந்து கதவைத் திறந்துவிட்டார்கள். பல டன் கற்களால் கட்டிய சுவரில் அந்த ஒரு இடம் மட்டும் செங்கல்.

உள்ளே இருந்த சில நூறு பேரில் பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வாரம் கழித்து ஜனவரி 29 இரவு மாஸ்கோவில் ஜார் அலெக்ஸி இறந்துபோனான். பழைய முறைக்காரர்கள் இதை விடுவார்களா? இன்று வரை அதைத் தெய்வ தண்டனை என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த முறை சுவருக்கு வேலை வந்தது 1854 ஜூலையில். கிரிமியப் போர். பிரிஸ்க், மிராண்டா என்று இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து சுமார் ஒன்பது மணி நேரம் குண்டு போட்டன. துறவிகள் படங்களைத் தூக்கிக்கொண்டு சுவர் மேலேயே பவனி போனார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த வருடம் ஆங்கிலேயர்கள் மறுபடி வந்து, சாப்பிட மாடு கேட்டார்கள். மடாதிபதி கரைக்குப் போய், முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தப் பேச்சுவார்த்தை நடந்த இடத்தில் ஒரு கல்லில் முழுக் கதையையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாடு தர மறுத்ததற்குக் கல்வெட்டு வைத்த ஊர் வேறு எங்காவது இருக்கிறதா?

இந்த வீரக் கதைகளுக்கு நடுவே இன்னொரு தொழிலும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து 1883 வரை ஜார்களுக்கு இந்த மடம் ஒரு சிறை. தப்ப முடியாத தீவு, சம்பளம் கேட்காத காவலர்கள். மகா பீட்டரின் வலது கையாக இருந்த பியோத்தர் தல்ஸ்தோய் பிரபு 1727-இல் இங்கே அனுப்பப்பட்டு 1729-இல் இங்கேயே இறந்தார். உக்ரைன் சாப்பரோழிய கொசாக்குகளின் கடைசித் தலைவர் கல்னிஷெவ்ஸ்கியை 1776-இல் காத்தரீன் அரசி இங்கே அடைத்தாள். அவருக்கு அப்போதே எண்பதைத் தாண்டிய வயது என்கிறார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து 1801-இல் புதிய ஜார் விடுதலை கொடுத்தார். கிழவர் ஊருக்குப் போகவில்லை. பழகிப்போய்விட்டது, இங்கேயே இருக்கிறேன் என்று தங்கி 1803-இல் இறந்தார். 112-ஆவது வயதில் என்று கல்லறைக் கல் சொல்கிறது. அந்தக் கல்லின் முன்னால் யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள்.

ஆக, 1920-இல் புதிய ஆட்சி மடத்தை மூடி, 1923-இல் அரசியல் போலீஸ் கையில் கொடுத்தபோது, அவர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அளவை மட்டும் பெரிதாக்கினார்கள். நான் படகு ஏறிய துறை இருக்கிறதே, அதுதான் அன்றைக்குக் கைதிகளைச் சேர்த்து ஏற்றிய இடம். வந்து இறங்குகிறவர்களிடம் "இங்கே சோவியத் ஆட்சி கிடையாது, சொலோவெத்ஸ்கி ஆட்சி" என்று சொல்லி வரவேற்பார்களாம். பாதிரியார்கள், பழைய ராணுவ அதிகாரிகள், கவிஞர்கள், மாணவர்கள், பிக்பாக்கெட்டுகள், எல்லோரும் ஒரே பலகைக் கட்டிலில். முகாமுக்கென்று ஒரு நாடக மேடை, ஒரு பத்திரிகை, ஒரு அருங்காட்சியகம்கூட இருந்தன. இன்னொரு பக்கம் செகிர்னயா குன்று. குன்றின் உச்சியில் ஒரு மாதா கோயில், அதன் கோபுரத்திலேயே கலங்கரை விளக்கம். அந்தக் கோயிலைத் தண்டனை அறையாக்கினார்கள். மெல்லிய கம்புகளின் மேல் நாள் முழுக்க அசையாமல் உட்கார வைத்தார்கள் என்று உயிரோடு வெளியே வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் போனபோது குன்றைச் சுற்றி அமைதியான காடு, தூரத்தில் கடல். கீழே இறங்கும் மரப்படிகளில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி முன்னால். முகாமின் சொந்த நோட்டுகள். 1929-இல் அச்சடித்தது. 'கணக்குத் தீர்வு ரசீது' என்று பெயர் போட்டு, கோபெக்கிலும் ரூபிளிலும் பல மதிப்புகளில். முகாம் கடையில் மட்டும்தான் செல்லும். கைதியிடம் உண்மையான பணம் இருந்தால் தப்பியோட உதவும் அல்லவா? அதனால் அதை வாங்கி வைத்துக்கொண்டு இதைக் கொடுத்தார்கள். கீழே க்ளெப் போகி என்ற போலீஸ் அதிகாரியின் கையெழுத்து, ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போடுவது போல. கைதிகளை ஏற்றிவந்த கப்பலுக்கும் அவர் பெயர்தான். அந்த போகியையே 1937-இல் சுட்டுக் கொன்றார்கள். நோட்டு நன்றாகவே அச்சாகியிருக்கிறது, குறை சொல்ல முடியாது.

முகாமின் கணக்கு வழக்கைச் சீர்படுத்தியவர் நஃப்தாலி ஃப்ரெங்கெல். கைதியாக வந்து பொருளாதாரப் பிரிவின் தலைவரானவர். வேலை அளவுக்கு ஏற்றபடி சாப்பாடு என்ற திட்டத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். நிறைய மரம் வெட்டினால் நிறைய ரொட்டி, குறைந்தால் குறைவு, குறைந்த ரொட்டியில் மறுநாள் வேலை இன்னும் குறையும். எங்கள் தொழிலில் டார்கெட், இன்சென்டிவ் என்ற சொற்களை நான் தினம் பயன்படுத்துகிறேன். அந்த அறையில் அந்தச் சொற்கள் ஞாபகத்துக்கு வந்தது பிடிக்கவில்லை.

அடுத்த அறையில்தான் கார்க்கி இருந்தார். தொப்பியும் மீசையுமாக, அதிகாரிகளுக்கு நடுவே. 1929 ஜூன் 20-ஆம் தேதி.

எங்கள் வீட்டில் கார்க்கி யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா கோவில்பட்டியில் மில் தொழிலாளி, சங்கத்து ஆள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் வந்தால் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்க வைத்திருந்த காசில் புத்தகம் வாங்கி வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவார். தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' அவருக்கு வேதம். மில்லில் ஸ்ட்ரைக் நடந்த நாட்களில் ராத்திரி எங்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார். பாவேலும் அவன் அம்மாவும் எங்கள் தெருவிலேயே குடியிருப்பதாகத்தான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். சாமி படம் இல்லாத எங்கள் வீட்டில் மாட்டியிருந்த ஒரே வெள்ளைக்காரர் படம் இந்த மீசைக்காரருடையது.

அவர் மூன்று நாள் தீவில் இருந்தார். வருகிறார் என்று தெரிந்ததும் சுண்ணாம்பு அடித்து, நோயாளிகளுக்குப் புது உடுப்பு கொடுத்திருக்கிறார்கள். கைதிகளை உட்கார வைத்துக் கையில் பத்திரிகை கொடுத்தார்களாம். ஸோல்ஷெனித்ஸின் எழுதுகிறார்: கைதிகள் சிலர் பத்திரிகையை வேண்டுமென்றே தலைகீழாகப் பிடித்திருந்தார்கள், கார்க்கி ஒருவனிடம் போய் ஒன்றும் சொல்லாமல் அதை நேராகத் திருப்பி வைத்தார். அன்றைக்கு அங்கே கைதியாக இருந்த லிகச்சோவ், பின்னாளில் பெரிய இலக்கிய அறிஞர், ஒரு சிறுவனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தப் பையன் கார்க்கியிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னான். வெளியே வந்த கார்க்கி அழுதுகொண்டிருந்தார். அவர் போன பிறகு பையனைக் காணவில்லை. மாஸ்கோ திரும்பிய கார்க்கி சொலோவ்கி பற்றிக் கட்டுரை எழுதினார். மனிதர்களைத் திருத்தும் நல்ல இடம் என்று.

அன்றிரவு (ராத்திரிதான் இல்லையே, பதினோரு மணி என்று வையுங்கள்) விடுதி வைஃபையில் நம்மூர் விடியும் நேரம் வரை காத்திருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். எழுபத்தெட்டு வயது. எல்லாம் சொன்னேன். நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"கூட போலீஸ்காரனுக இருந்தானுகளாய்யா?"

"இருந்தாங்கப்பா. போன இடமெல்லாம் கூடவே."

"பெறகு அவரு என்னத்தச் செய்வாரு?"

"எழுதாம இருந்திருக்கலாம்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "ஆமா, எழுதாம இருந்திருக்கலாம்," என்றார். "சரிய்யா, குளுருல நிக்காத. உள்ள போ."

அப்பாவுக்குச் சொல்லியிருக்க வேண்டாம் என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள். சொல்லாமல் இருந்திருந்தால் நானும் பத்திரிகையை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனவன் ஆகியிருப்பேன் என்று எனக்குப் படுகிறது. 'தாய்' நல்ல நாவல். அது 1906-இல் எழுதியது. 1929 கட்டுரைக்காக அதைத் தூக்கிப் போட என்னால் முடியாது. அதற்காக இதை மன்னிக்கவும் முடியாது.

கார்க்கி வந்துபோன அதே 1929-இன் இலையுதிர் காலத்தில் முகாமில் ஒரே இரவில் பெருங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றார்கள். அன்று லிகச்சோவைப் பார்க்க அவருடைய பெற்றோர் தீவுக்கு வந்திருந்தார்கள். தன்னைத் தேடுகிறார்கள் என்று தகவல் வந்ததும் அவர் விறகு அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டார். கணக்கு சரிக்கட்ட வேண்டும் அல்லவா? தனக்குப் பதில் வேறு யாரையோ கொண்டுபோனார்கள் என்று அவர் கடைசி வரை நம்பினார். இனி இரண்டு பேருக்காக வாழவேண்டும் என்று எண்ணிக்கொண்டாராம். 1999 வரை, தொண்ணூற்று இரண்டு வயது வரை வாழ்ந்தார்.

1937-இல் முகாம் சிறையாகப் பெயர் மாறியது. அந்த அக்டோபர் கடைசியிலும் நவம்பர் ஆரம்பத்திலும் தீவிலிருந்து 1,111 பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தகவலே இல்லை. வீட்டார் அறுபது வருடம் விதவிதமாக வதந்திகளை நம்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலோடு கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்றுகூட. 1997-இல்தான் கரேலியாவில் சந்தர்மோஹ் என்ற காட்டில் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். தேடியவர்களில் மெமோரியல் அமைப்பின் ஆட்களும் உண்டு. அந்த அமைப்பை 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொல்லிவிட்டது. கடற்பாசியிலிருந்து அயோடின் எடுக்கும் ஆராய்ச்சியை இந்தத் தீவில் கைதியாக இருந்தபடியே செய்த பாதிரியார், கணித மேதை ஃப்ளோரென்ஸ்கியும் அதே 1937 டிசம்பரில் லெனின்கிராடு அருகே சுடப்பட்டார்.

சிறையை 1939-இல் மூடினார்கள். போர்க்காலத்தில் கடற்படைச் சிறுவர்களுக்கு அங்கே பள்ளி நடந்தது. 1967-இல் அருங்காட்சியகம். 1990-இல் துறவிகள் திரும்பி வந்தார்கள். 1992-இல் யுனெஸ்கோ பட்டியல். சோசிமா, சவ்வாத்தி, கெர்மன் மூவரின் எலும்புகளும் அதே 1992-இல் லெனின்கிராடாக இருந்து பீட்டர்ஸ்பர்க் ஆன நகரத்திலிருந்து தீவுக்குத் திரும்பின. இந்தத் தீவிலிருந்து எடுத்துப் போன ஒரு பாறாங்கல் 1990 அக்டோபர் 30 முதல் மாஸ்கோவில் லுப்யன்கா சதுக்கத்தில், பழைய போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே இருக்கிறது. திரும்பும்போது போய்ப் பார்த்தேன். இடுப்பளவு சாதாரணக் கல்தான். சுவரில் இருக்கும் கற்களின் தம்பி.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். படகு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நம்பகமாக ஓடும். அலை பெரிதென்றால் அதுவும் இல்லை, கையில் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். கொசு நம்மூர்க் கொசு மாதிரி கூச்சப்படாது. ஹெர்ரிங் மீன் கிடைத்தால் விடாதீர்கள். மடத்துக்குள் அரைக்கால் சட்டை கூடாது, பெண்கள் தலையை மூட ஒரு துணி கொண்டுபோக வேண்டும். 2022 மார்ச் முதல் நம் விசா, மாஸ்டர் கார்டுகள் அங்கே வேலை செய்வதில்லை. ரொக்கம் எடுத்துப் போங்கள், சின்ன நோட்டுகளாக.